முதல் தடவை ஏன் எரிந்தது

எல்லோர் சொல்லையும் கேட்டு நடக்கிற மனிதருக்குத் தன் சொல் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அது எங்கே இருக்கும், எப்போது வெளியே வரும்? சூலூர் எடைமேடைக்காரர் பொங்கியண்ணனைப் பழகி அறிந்தவர்களுக்கு என்றைக்காவது ஒருநாள் இந்தக் கேள்வி தோன்றாமல் போகாது.

இருபத்தாறு வருடமாக அவருக்கு வேலை ஒன்றுதான். லாரி வந்து இரும்பு மேடையில் நிற்கும். கண்ணாடி அறைக்குள் இருக்கும் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். அதைச் சீட்டில் ஏற்றிக் கொடுப்பார். "என்னுங்க இது, நூறு கிலோ எச்சாக் காட்டுது?" என்று டிரைவர்கள் எகிறினால், "காட்டறதைத்தானுங்க நானு எழுதறேன்" என்பார். அதற்கு மேல் பேச அவரிடமும் ஒன்றும் இருக்காது, அவர்களிடமும் இருக்காது.

வீட்டிலும் அப்படியே. மகளுக்கு லோகப்பிரியா என்று பெயர் வைத்தது அவருடைய பெரியப்பா மகன். வீட்டுக்கு ரோஸ் நிறம் அடித்தது பெயிண்டரின் விருப்பம். மழைத்தண்ணீர் உள்ளே ஏறாமலிருக்க ரோட்டிலிருந்து செங்குத்தாக ஒரு சரிவு கட்டி, அதன் மேல் வண்டி நிறுத்தச் சொன்னது கொத்தனார். எதற்கும் அவர் தலையை ஆட்டினார். ஊரில் இதை நல்ல குணம் என்பார்கள். குணம்தானா, சச்சரவுக்கு அஞ்சுகிற கூச்சமா என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு யாரும் அவரைக் கூர்ந்து பார்த்ததில்லை. நானும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கார் வாங்கியதில் மட்டும் காரணம் அவருடையது. லோகப்பிரியாவைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீடு கூட்டி வர வேண்டும். ஆனால் நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "ஒரே ஒரு பயணம். குலுக்காமக் கூட்டிட்டுப் போங்க. வழியில எங்கயும் நின்னு தவிக்கற மாதிரி ஆகக் கூடாது." இதைக் கேட்ட பிறகுதான் பொங்கியண்ணன் ஐம்பத்தேழு வயதில் ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, ஒரு புதுக் கார் வாங்கினார். வெள்ளை கேட்டார், சிவப்பு வந்தது. அது மனைவியின் தம்பி சுரேந்தரின் தேர்வு.

நாலு மாதம் ஆகியிருந்தது. சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. பெண்ணை அழைக்கப் போகும் கட்டுச்சோற்று விருந்துக்குப் பதினெட்டு நாள் இருந்தபோது, சூலூர் சிக்னலில் அந்த விளக்கு எரிந்தது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால், சின்னதாக, சிவப்பாக, மூக்கு நீண்ட ஒரு எண்ணெய்க் குடுவை. மூக்கின் நுனியில் ஒரு சொட்டு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் பச்சை விழுந்தது, ஆக்சிலேட்டரை மிதித்தார், அணைந்துவிட்டது. எரிந்ததா, எதிரே நின்ற பஸ்ஸின் பின்விளக்கு கண்ணாடியில் பட்டுத் தெரிந்ததா என்று வீடு வந்து சேர்வதற்குள்ளேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாளும் அதே சிக்னலில் எரிந்தது. அன்று பஸ் எதுவும் நிற்கவில்லை.

வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்து, அந்தப் படம் இருக்கிற பக்கத்தைத் தேடிப் பிடித்தார். எஞ்சினை உடனே நிறுத்தவும், மறுபடி இயக்க வேண்டாம் என்று இருந்தது.

"புஸ்தகத்துல அப்படித்தானுங்க மச்சான் போடுவான்" என்றார் சுரேந்தர். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் அவருக்கு எல்லா இயந்திரமும் தையல் மெஷினுக்குத் தம்பிதான். "ஆயில் கொறைஞ்சிருக்கும். அவ்வளவுதான். பானெட்டைத் தொறங்க."

சரிவின் மேல் மூக்கைத் தூக்கி நின்ற வண்டியில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது.

"பாத்தீங்களா? நாஞ் சொன்னனா இல்லையா? புது எஞ்சின் ஆயிலைக் குடிக்குமுங்க. கைக்கொழந்தை மாதிரி."

அரை லிட்டர் ஊற்றினார்.

மூன்று நாள் விளக்கு எரியவில்லை. நாலாம் நாள் எரிந்தது. அடுத்த வீட்டு வெள்ளியங்கிரி அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன்னிடம் முதலில் கேட்கவில்லை என்பதில் அவருக்கு வருத்தம்.

"பொங்கியண்ணா, முப்பத்தொரு வருசம் ஓட்டியிருக்கறனுங்க. எங்க டிப்போவுல லைட் எரியாத பஸ்ஸே கெடையாது. எரியாட்டித்தான் பயப்படோணும்."

"அப்ப விட்டரலாங்களா?"

"விடறதா? எதுக்கும் ஒருக்காப் பாத்தரலாம்."

கம்பியை உருவினார். கீழ்க்கோட்டை இப்போதுதான் தொட்டுக்கொண்டிருந்தது. "உங்க மச்சினன் ஊத்துன ஊத்து இதானா? பந்தியில பாயசம் ஊத்தற கையி போலிருக்குது" என்று சொல்லி, தன் பங்குக்கு அரை லிட்டர் ஊற்றினார். பொங்கியண்ணன் புனலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பேர் ஊற்றியும் குறைகிறதே என்ற கவலையில், அடுத்த வாரம் இன்னொரு அரை லிட்டரை அவரே ஊற்றினார். அந்த வீட்டில் விருந்தாளியின் இலையில் சோறு தீரும் முன்பே கரண்டி வந்துவிடும். போதும் என்று விருந்தாளி கையால் மறைக்க வேண்டும். எஞ்சினுக்குக் கையில்லை.

அதன் பிறகுதான் விளக்கு உண்மையாகவே எரியத் தொடங்கியது. மூன்று எண்ணும் நேரமெல்லாம் போய், சிக்னல் முழுக்க எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் அணைய மறுத்தது. கட்டுச்சோற்றுக்கு ஆறு நாள்தான். குண்டடத்துக்கும் பல்லடத்துக்கும் நடுவே வெட்டவெளியில் வண்டி நின்றுபோவதாகவும், பின்சீட்டில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும் ஒரே காட்சி பொங்கியண்ணனுக்குத் திரும்பத் திரும்ப வந்தது.

"ஏனுங்க, கம்பெனிக்குப் போன் பண்ணுங்களே" என்றார் அவர் மனைவி தெய்வாத்தாள். "ஆளாளுக்குச் சொல்றதைக் கேட்டுட்டு நிக்கறீங்க. நாஞ் சொல்றதையும் ஒருக்காக் கேளுங்க."

அதையும் கேட்டார். வண்டியைத் தொடவே வேண்டாம், தூக்கிவர ஆள் அனுப்புகிறோம் என்றார்கள் சர்வீஸ் சென்டரில். தட்டையான முதுகுள்ள லாரி ஒன்று வந்து, நாலு மாதக் காரைச் சங்கிலி போட்டுக் கட்டி ஏற்றிக்கொண்டு போனது. தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. "மாடு தாராபுரஞ் சந்தைக்குப் போற மாதிரிப் போகுது பாருங்க" என்றார் வெள்ளியங்கிரி. தன்னுடைய அரை லிட்டரும் அதற்குள் போகிறது என்பதை அவர் அப்போது நினைத்ததாகத் தெரியவில்லை.

சர்வீஸ் சென்டரில் விசாரித்த பெண்ணின் பெயர் ரூபினா. முப்பது வயதிருக்கும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, கம்பியை உருவிக் கொண்டுவந்து காட்டினாள். மேல்கோட்டைத் தாண்டிப் பளபளவென்று ஏறியிருந்தது.

"யாருங்க சார் இவ்வளவு ஆயில் ஊத்தினது? ஒன்றரை லிட்டராவது கூட இருக்கும்."

"நாந்தானுங்க."

"ஒன்றரை லிட்டருமா?"

"ஆமாங்க. நாந்தான்."

அவள் சிரிக்காமல் விளக்கினாள். அளவுக்கு மேல் போனால், உள்ளே சுற்றுகிற கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையைப் பம்பால் தள்ள முடியாது. அழுத்தம் இறங்கும். விளக்கு எரியும்.

"மோரு கடையற மாதிரிங்களா?"

"அதேதானுங்க சார். வண்டியை எங்க நிறுத்தி அளந்தீங்க?"

சரிவைப் பற்றிச் சொன்னார். மூக்கு மேலே இருந்தால் ஆயில் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும், கம்பி குறைவாகத்தான் காட்டும் என்றாள் ரூபினா. பொங்கியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வருடம் தவறாமல் ஆள் வந்து மட்டம் பார்க்கும் எடைமேடைக்குப் பக்கத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர் அவர். சூலூரில் அதைவிடச் சமமான தரை வேறொன்று இருக்காது.

அதிகமான ஆயிலை இறக்கி, புதிது மாற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று சென்சாரையும் மாற்றினார்கள். அழுத்தத்தைத் தனி மீட்டர் வைத்து அளந்தார்கள். சரியாக இருந்தது. நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்கள். எரியவில்லை. குறை எதுவும் இல்லை என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

தாளை வாங்கிக்கொண்டவர் நகரவில்லை.

"அம்மணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க சொல்றது ஆயில் ஊத்துனதுக்கு அப்பறம் எரிஞ்சதுக்குங்க. ஊத்தறதுக்கு முன்னாடியே எரிஞ்சுதில்லீங்களா?"

ரூபினா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பக்கத்து மேஜைக்காரரிடம் போய் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

"அது பதிவாகலீங்க சார். பழைய சென்சார்ல ஒயர் லூசா இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியலீங்க. மறுபடி வந்தா அப்படியே நிறுத்திட்டுப் போன் பண்ணுங்க."

பொய் சொல்லாத பதில். ஆனால் பொங்கியண்ணன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நோயென்று மருந்து கொடுத்தார்கள், மருந்தே நோயானது, அந்த நோய் குணமாகிவிட்டது. முதலில் வந்தது நோய்தானா என்பது அப்படியே நின்றது. இதை வீட்டில் சொல்லிப் பார்த்தார். "அதான் சென்சாரை மாத்திப் போட்டாங்கள்ல? அப்பறமென்னுங்க மச்சான், கெணத்துல கல்லைப் போட்டுட்டுக் கொமுளி வருதான்னு பாத்துட்டே இருப்பீங்களா?" என்றார் சுரேந்தர். வெள்ளியங்கிரிக்கு முதல் தடவையே எரிந்திருக்காது என்ற முடிவு. பிரமையாம். தெய்வாத்தாள் மட்டும், "உங்களுக்கு மனசு எப்படிச் சொல்லுதுங்க?" என்று கேட்டார். பழக்கமில்லாத கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெய்வாத்தாளும் சுரேந்தரும் ஏறிக்கொள்ள, சிவப்புக் காரைப் பொங்கியண்ணனே ஓட்டினார். கட்டுச்சோற்றுத் தூக்குப்போசிகள் டிக்கியில் இருந்தன. சூலூர் சிக்னல், பல்லடம், குண்டடம் என்று நின்ற இடத்திலெல்லாம் அவர் கண் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய்ப் போய் வந்தது. "ரோட்டைப் பாருங்க மச்சான், அந்தக் குடுவை எங்கயும் ஓடிராது" என்றார் சுரேந்தர். விளக்கு ஒரு முறைகூட எரியவில்லை.

தாராபுரத்தில் விருந்து நிறைவாகவே நடந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று அடுக்கி வைத்து, மணையில் உட்கார்ந்த லோகப்பிரியாவுக்கு வளையல் போட்டார்கள். "உங்க மாமனாரு வண்டிக்கு ஆயில் ஊத்துன கதை இங்க வரைக்கும் வந்திருச்சு மாப்பிள்ளை, பாத்துச் சாப்பிடுங்க, எலையை மூடினாலும் ஊத்துவாங்க" என்று மருமகன் மிதுனை யாரோ கிண்டல் செய்தார்கள். பொங்கியண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

கிளம்பும் நேரம் வந்தது. மகளைக் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்து வந்தபோது, சிவப்புக் காருக்கு முன்னால் ஒரு வாடகைக் கார் கதவைத் திறந்துகொண்டு நின்றது. பின்சீட்டில் இரண்டு தலையணைகள் போட்டிருந்தன.

"இது யாருதுங்க?" என்றார் மிதுன்.

"சூலூர் போறதுக்குங்க" என்றார் டிரைவர். "அய்யா நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டாருங்களே."

எல்லோரும் பொங்கியண்ணனைப் பார்த்தார்கள். அவர் மகளின் பையை வாங்கி வாடகைக் காரில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மச்சான், நம்ம வண்டி வாசல்ல நிக்குது! காகிதம் வேற எழுதிக் குடுத்துட்டாங்க! பொண்ணு மாமியா ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?" சுரேந்தருக்கு முகம் சிவந்துவிட்டது. சட்டென்று இன்னொன்று உறைத்தது. "அப்பக் காலைல எங்களை மட்டும் இதுல ஏத்திட்டு வந்தீங்க? நாங்கன்னாப் பரவால்லீங்களா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பொங்கியண்ணன் சிரிக்கவில்லை.

"ஏனுங்கப்பா, வண்டியில இன்னும் ஏதாச்சும் கொறை இருக்குதுங்களா?" என்று லோகப்பிரியா மெல்லக் கேட்டாள்.

"பாத்து ஏறு கண்ணு" என்றார்.

தெய்வாத்தாள் மகள் பக்கத்தில் ஏறிக்கொண்டார். சுரேந்தர் கோபத்தோடு சிவப்புக் காரின் கதவைத் திறக்கப் போனார். பொங்கியண்ணன் அந்தக் கதவில் கை வைத்தார்.

"நீங்களும் அதுல ஏறிக்கங்க மாப்பிள்ளை."

இருபத்தெட்டு வருட உறவில் சுரேந்தர் அவரிடமிருந்து கேட்ட முதல் கட்டளை அது. போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வாடகைக் கார் மெதுவாகக் கிளம்பியது. சற்று இடைவெளி விட்டுப் பொங்கியண்ணன் தன் காரை எடுத்து, அதில் வேறு யாரும் இல்லாமல், சூலூர் வரைக்கும் அவர்கள் பின்னாலேயே வந்தார்.

பேத்தி பிறந்து மூன்று மாதமாகிறது. அந்தக் காரில்தான் அவர் தினமும் வேலைக்குப் போய் வருகிறார். அன்றைக்கு எதற்கு வாடகைக் கார் என்று வெள்ளியங்கிரி கேட்டுப் பார்த்தார், மிதுன் கேட்டுப் பார்த்தார். சுரேந்தர் இன்னும் வாரம் ஒருமுறையாவது கேட்கிறார். "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போகிறார் பொங்கியண்ணன்.