மூடி போட்ட கோப்பை

என் ஓரகத்தி யூஷியாவின் சமையலறையில் இரண்டு இருப்புச்சட்டிகள் உண்டு. ஒன்றின் பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். அது சைவச் சட்டி. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் தெரியாமல் அதில் முட்டை பொரித்துவிட்டேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சட்டியை வெளியே போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி, அதே ரிப்பனைக் கட்டினாள். அதற்கு என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

எங்கள் குடும்பத்துக்குச் சமைத்துப் போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவள் கணவர் அலியோங், எங்கள் ஊரான டொங்காங்கின் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். மாட்டுக்கறி தொட மாட்டார். ஏர் இழுத்த மாட்டை எப்படித் தின்பது என்று கேட்பார். அவர் ஏரை நேரில் பார்த்ததே இல்லை. நாத்தனார் சூயின் தினமும் காலையில் மட்டும் சைவம், பௌர்ணமியன்று முழுநாளும் சைவம். என் வீட்டுக்காரருக்கு ஆட்டு வாடை ஆகாது. என் மருமகளுக்கு இறால் பட்டால் உதடு வீங்கிவிடும், மீன்பிடித் துறைமுகத்தில் வந்து வாழ்க்கைப்பட்டது அவள் தலையெழுத்து. தைபேயில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் யூஷியாவின் மகன் வந்தால், வேகவைத்த கோழி நெஞ்சும் முட்டை வெள்ளையும்தான். மஞ்சள் கரு என்ன ஆகிறது என்று அவன் இதுவரை கேட்டதில்லை. நான்தான் தின்கிறேன்.

இதில் எதையும் அவள் எழுதி வைத்ததில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஒருவர் கிண்ணம் இன்னொருவருக்கு மாறிப் போனதும் இல்லை. யூஷியாவுக்கு நகை ஆசை கிடையாது, ஊர் சுற்றும் ஆசை கிடையாது. அவளுக்கு இருந்த ஒரே கர்வம் இதுதான்.

இவர்கள் எல்லோரையும் விடக் கண்டிப்பானவர் எங்கள் மாமனார். முப்பது வருஷம் துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டவர். ஒருமுறை அலியோங் போன படகு கடலில் தீப்பிடித்து, மூன்று நாள் தகவலே இல்லை. மாமனார் குவான்யின் அம்மன் கோயிலில் மண்டியிட்டு, பிள்ளை உயிரோடு வந்தால் சாகும்வரை சைவம் என்று வேண்டிக்கொண்டார். நாலாம் நாள் பிள்ளை வந்துவிட்டது, புருவம் மட்டும் கருகி. அன்றே கிழவர் மீனை விட்டார், வெங்காயம் பூண்டையும் சேர்த்து. காலையெல்லாம் சூரை மீனுக்கு விலை கூவிவிட்டு, வீட்டுக்கு வந்து டோஃபு சாப்பிடுவார். கோயில் சைவக் கூட்டத்துக்குப் பதினோரு வருஷம் தலைவராக இருந்தார். அவர் போனபோது அவர்கள் அவரைப் பாராட்டி எழுதித் தொங்கவிட்ட துணி வாசலை மறைத்ததில், பிணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வரச் சிரமமாகிவிட்டது.

இது நடந்தது அவருடைய மூன்றாம் வருஷத் திதியில். ரிப்பன் சட்டியில் சமைத்த பத்து வகையை முன்னோர் மேசையில் வைத்தாள் யூஷியா. ஊதுபத்தி பாதி எரிந்ததும் அலியோங் இரண்டு பத்து டாலர் நாணயங்களை எடுத்து, "அப்பா, சாப்டாச்சா?" என்று கேட்டுத் தரையில் போட்டார். ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். அதன் பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம்.

இரண்டும் தலை. மறுபடி போட்டார். இரண்டும் பூ.

முதல் வருஷம் நாலாவது தடவையில் சரி என்றவர். போன வருஷம் ஒன்பதாவதில். இந்த வருஷம் பதினைந்து தாண்டியும் கிழவர் மசியவில்லை. ஊதுபத்தி எரிந்து தீர்ந்து புதிது கொளுத்தினோம். என் வீட்டுக்காரர் வயிறு சத்தம் போட்டது. தைபேக்காரன் தன் பையிலிருந்து ஏதோ மாவைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தான்.

"ஏதோ தீட்டுப் பட்டிருக்கு," என்றாள் சூயின். காளான் கிண்ணத்தில் குனிந்து மோந்து பார்த்தாள். "அண்ணி, இதுல பூண்டு வாசம் வருதே?"

"பூண்டா? நான் பூண்டே உரிக்கலை."

"சட்டி மாறிப் போயிருக்கும். வயசாகுதுல்ல, மறதி வரும். அப்பா எவ்வளவு சுத்தமா இருந்தவர்! அவருக்குப் போய் இப்படி வெச்சா எப்படித் தொடுவாரு?"

அந்த அறையில் எட்டுப் பேர் இருந்தோம். அப்படி இருக்காது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். யூஷியா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

படையல் முடிந்தபின் நாங்கள் சாப்பிடவென்று அடுப்பில் பால்மீன் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்தாள். மாமனார் கடைசிக் காலத்தில் மூலிகைக் கஷாயம் குடித்த மூடி போட்ட கோப்பை. அதில் மீனின் வயிற்றுத் துண்டு ஒன்றைப் போட்டு, சூப்பை ஊற்றினாள்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"கதவைச் சாத்து," என்றாள். "கடைசி எட்டு மாசம் அவர் இதைத்தான் சாப்ட்டார். தினமும். ஆபரேஷனுக்கு அப்புறம் டோஃபு உள்ள எறங்கலை. ஒரு நாள் அடுப்புல மீன் வெந்துட்டிருந்துச்சு. 'மருமகளே, அது பால்மீனா?'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு மனுஷனுக்கு."

"அப்ப வேண்டுதல்?"

"'அம்மன்கிட்ட நான் நேர்ல போய்ச் சொல்லிக்கறேன், எப்படியும் சீக்கிரம் போறேன்ல'ன்னாரு. 'ஆனா அலியோங்குக்குத் தெரியக் கூடாது. அவன் உயிருக்குப் புடிச்ச விரதம் இது. முறிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சா கடல்ல கால வெக்கும்போதெல்லாம் பயந்து சாவான்'னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அப்படியானால் கிழவர் ஏன் மசியவில்லை என்று அவளால் வெளியே சொல்ல முடியாது. காரணம் சொன்னால் புருஷனுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இருபத்தெட்டு வருஷப் பேர் போய்விடும்.

அவள் மூடியை இறுக்கி, கோப்பையைக் கொண்டுபோய் மேசை நடுவில் வைத்தாள். "அப்பாவோட கஷாயம்," என்றாள் பொதுவாக. "வைக்க மறந்துட்டேன்."

அலியோங் நாணயத்தைப் போட்டார். ஒன்று பூ, ஒன்று தலை. முதல் தடவையிலேயே.

"பாத்தீங்களா, மருந்து குடிக்காம அப்பா என்னிக்கு சாப்ட்டிருக்காரு!" என்று சூயின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூண்டு வாசம் எங்கே போயிற்று என்று அவள் சொல்லவில்லை. மாமனாருக்குப் போய்ச் சேரட்டும் என்று காகிதப் பணத்தை எரிக்க எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். மேசையைத் துடைக்க நாங்கள் இரண்டு பேரும் உள்ளே இருந்தோம். யூஷியா கோப்பைக்குக் கை நீட்டும் முன் அலியோங் திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டார்.

மூடியைத் திறந்தார். பார்த்தார். நின்றபடியே சாப்ஸ்டிக்கால் மீனை எடுத்துத் தின்றார், முள்ளை ஒவ்வொன்றாக மேசை ஓரத்தில் வைத்தபடி. பிறகு சூப்பைக் குடித்தார். யூஷியா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலித்தது.

"இஞ்சி தூக்கலா இருக்கு," என்றார். "அப்பாவுக்குப் போடும்போது கம்மியா போடுவே."

அவர் மூடியை எடுத்துக் கோப்பையை மூடினார்.

"எத்தனை நாள் மாடியில அப்பா ரூமுக்கு நான் எடுத்துட்டுப் போயிருக்கேன் இந்தக் கோப்பையை. மூடி போட்டா மீன் வாசம் வெளிய வராதா? நான் எந்த ஊர்ல பொறந்தேன்?"

"உனக்குப் பயமா இல்லையா?" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது.

"மொத ஒரு வாரம் படகுல ஏறலை. அப்புறம் ஏறினேன். ஒண்ணும் ஆகலை. அவர் ஒழுங்கா சாப்ட ஆரம்பிச்சாரு, எனக்கு அது போதும்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீ சத்தியம் பண்ணிருப்பேன்னு தெரியும். நான் சொல்லிட்டா, உன்னாலதான் வெளிய வந்துச்சுன்னு நெனச்சுக் கஷ்டப்படுவே."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையிலிருந்த துணியை அவர் மேல் வீசினாள்.

"மூணு வருஷம்! மூணு வருஷமா அந்த மனுஷனுக்கு வெறும் காளானா வெச்சுக்கிட்டு இருந்திருக்கோம், ரெண்டு பேரும் தெரிஞ்சுக்கிட்டே! பசியோட போயிருக்காருடா, ரெண்டு வருஷமும்!"

அலியோங் தலையைக் குனிந்துகொண்டார். காலிக் கோப்பையைக் கழுவி, துடைத்து, அவளிடம் கொடுத்தார். அவள் அதில் இன்னொரு துண்டு மீன் போட்டு, இந்த முறை இஞ்சியைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மறுபடி மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.