தின்னரில் அலசிய மாஸ்க்

குணமாகி எழுந்த மனிதர் ஏன் மறுபடியும் அதே பள்ளத்தில் போய் விழுகிறார்? எனக்குத் தெரிந்த ஒரு பாலிஷ்காரரைப் பற்றி இப்படிக் கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

மேசை நாற்காலிகளுக்கு பாலிஷ் போடுவது அவர் தொழில். பாலிஷை இளக்கும் தின்னரின் வாடைக்கு அடிமையாகி, கை நடுங்கி, நாக்குக் குழறி, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர். பதினோரு மாதம் மோந்து பார்க்கவில்லை. "இனிமே இவன் தப்புப் பண்ணா என்னைக் கேளுங்க" என்று அக்கா வாக்குக் கொடுத்த பிறகுதான் பட்டறை முதலாளி திரும்பச் சேர்த்துக்கொண்டார். ரப்பர் மாஸ்க் இல்லாமல் பாலிஷ் அறைக்குள் நுழையக் கூடாது என்பது நிபந்தனை. அவரும் நுழைந்ததில்லை.

வினை அந்த மாஸ்க்கிலேயே வந்தது. பட்டறையில் எதில் கறை பட்டாலும், பிரஷ்ஷோ விரலோ, தின்னரில் ஒரு முக்கு முக்கித் துடைப்பார்கள். செவ்வாய்க்கிழமை, மேசையில் கழற்றி வைத்திருந்த மாஸ்க்குக்குள் வார்னிஷ் தெறித்தது. கை தன்போக்கில் அதையும் முக்கியது. மாட்டியதும் பழைய வாடை மூக்கில் ஏறியது. உடனே கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை.

மறுநாள், கறையே இல்லாத மாஸ்க்கை அலசினார். வியாழனும் அப்படியே. இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாற்காலிக் காலைத் தேய்ப்பார், பாதியில் எழுவார், வாசல்வரை போவார், திரும்புவார்.

"என்னண்ணே, மாஸ்க்க இப்படிக் குளிப்பாட்டுறீங்க? யாராச்சும் பொண்ணு பார்க்க வராங்களா?" என்றான் மரம் இழைப்பவன்.

"உன் வேலையைப் பாருடா!"

கத்திய பிறகு அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வீட்டில் கத்திய அதே கத்தல்.

மதியம் அக்கா போன் செய்தாள். "சாப்டியாடா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"தூக்கம் சரியில்லக்கா."

"சரி, சீக்கிரம் வந்து படு."

நம்பிவிட்டாள். அதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. சந்தேகப்பட்டு நாலு வார்த்தை கேட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். பாலிஷ் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். திரும்ப அழைத்தார்.

"அக்கா, மோந்துட்டேன். மூணு நாளா. மாஸ்க்குக்குள்ள."

அந்தப் பக்கம் அக்கா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"திட்டுக்கா."

"அதுக்கு ஆயுசு முழுக்க நேரம் இருக்கு. முதல்ல அந்த ரூமை விட்டு வெளிய வா. டாக்டர்கிட்ட போவோம். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"வேலை போயிடும்க்கா."

"போனா போகுது. வெளிய வந்தியா இல்லையா?"

"வந்துட்டேன்."

வரவில்லை. போனைக் காதில் வைத்தபடி, அப்போதுதான் அறைக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்தார்.

வேலை போய்விட்டது. இப்போது திறந்தவெளியில் சுமை ஏற்றுகிறார். இன்றும் அவரால் ஓர் இடத்தில் நிலையாக உட்கார முடிவதில்லை.

"எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது, இனி பயமில்லை" என்று சொல்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், இதை அவர் காதில் போட்டு வையுங்கள். கூடவே அவருடைய அக்காவிடமும் சொல்லுங்கள்.