கடைசி வரிசை நாற்காலி

யாஸ்னா மில்யாலோங்கோவுக்கென்று ஒரு வகுப்பு இல்லாமல் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. யாரும் பறிக்கவில்லை. அவளாகத்தான் விட்டுக்கொடுத்தாள். அச்சாவ் ஊரில் பதினோரு வருஷம் நான்காம் வகுப்பு எடுத்தவளை, சிலோயே தீவுகளில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு முதல் வருஷம் முழுக்கத் துணையாக இருக்கக் கூப்பிட்டார்கள். பெருமையாக இருந்தது, தலையாட்டிவிட்டாள். மழையோ காற்றோ, படகேறிப் போக வேண்டும். வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் ஆசிரியரோடு பேச வேண்டும். பாடம் நடக்கும்போது மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

அதுதான் அவளால் முடியாததாக இருந்தது.

அந்த வருஷம் அவள் பொறுப்பில் வந்தவர்களில் அபெலார்தோ பர்ரீயாவும் ஒருவர். வயது நாற்பத்தேழு, அவளைவிடப் பதினொன்று கூட. இருபத்திரண்டு வருஷம் கடலுக்குள் மூழ்கிச் சிப்பி எடுத்தவர். காது கெட்டுப்போக, டாக்டர் இனிமேல் இறங்கக் கூடாது என்றுவிட்டார். அதன்பிறகு படித்து, ஒரே அறையில் ஒன்பது பிள்ளைகள் இருக்கும் தீவுப் பள்ளிக்கு ஆசிரியராக வந்திருந்தார்.

முதல் நாள் பாடம் முடிந்ததும், குளிருக்காக வகுப்பறையில் மூட்டியிருந்த அடுப்பருகே உட்கார்ந்து யாஸ்னா கேட்டாள்.

"சார், கேள்வி கேட்டீங்க. அப்புறம் என்ன பண்ணீங்க?"

"பதில் சொன்னேன்."

"நீங்களே சொல்லிட்டா பசங்க எதுக்கு?"

"மீன் மாதிரி முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சுங்களே! எனக்குப் பயமாயிடுச்சு."

"கடலுக்கடியில பயப்படாத ஆளு நீங்க."

"அங்க ஒன்பது பேரு என்னையே பாத்துக்கிட்டு இருக்கலையே, டீச்சரம்மா."

அவள் சிரித்துவிட்டாள். "கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. உதடு அசையக் கூடாது."

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை வகுத்தல் பாடம். அபெலார்தோ பலகையில் எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். ஓரியானா என்ற எட்டு வயதுக்காரி பின்னால் திரும்பி யாஸ்னாவைப் பார்த்தாள். "டீச்சர், மிச்சம் வந்தா அதை எங்க வைக்கிறது?"

யாஸ்னா எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. அடுப்புப் பக்கம் இருந்த கூடையிலிருந்து பதினேழு உருளைக்கிழங்கை எடுத்து மேசையில் கொட்டினாள். "அஞ்சு வீடு. பங்கு போடுங்க பாப்போம்." பிள்ளைகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார்கள். மிஞ்சிய இரண்டு கிழங்கு யாருக்கு என்று பெரிய சண்டையே நடந்தது. நாற்பது நிமிஷம் போனதே தெரியவில்லை. அவள் குரல் பழையபடி ஏறி இறங்கியது. நிமிர்ந்து பார்த்தபோது, அபெலார்தோ கையில் ஒரு விறகுத் துண்டோடு, விருந்துக்கு வந்தவரைப்போலச் சுவரோரம் நின்றிருந்தார்.

பிள்ளைகள் போனபின் அவர் மெதுவாகச் சொன்னார்: "நல்லா இருந்துச்சு, டீச்சரம்மா. ஆனா நாளைக்கு இங்க நிக்கப்போறது நான்தானே."

"தப்பு என்னோடதுதான் சார். கை சும்மா இருக்க மாட்டேங்குது. என் வகுப்புப் பசங்க ஞாபகம் வந்துடுச்சு."

"அப்ப ஏன் விட்டீங்க?"

அவள் மேசையில் கிடந்த கிழங்குகளைக் கூடையில் எடுத்துப் போட்டாள். அவரே தொடர்ந்தார்: "கடல் அசையாம கிடக்குற நாள்ல எனக்குக் கால் தானா கரைக்குப் போகும். நின்னு பாத்துட்டு வந்துடுவேன். வீட்டுல கேட்டா விறகு பொறுக்கப் போனேன்னு சொல்லுவேன். உங்களுக்காவது திரும்பிப் போக ஒரு வழி இருக்கு."

அதற்குப்பின் யாஸ்னா கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்காரப் பழகினாள். பிள்ளைகள் சில வாரம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குனிந்து நோட்டில் எதையாவது எழுதுவாள். அதுவரை அரைக்கண்ணால் அவளையே கவனித்துக்கொண்டிருந்த அபெலார்தோவும், போகப்போக அவள் இருப்பதை மறந்தார்.

டிசம்பரில் கடைசித் தடவை போனாள். அபெலார்தோ ஒரு கேள்வி கேட்டார். அறை அமைதியானது. அவர் அசையவில்லை. நெடுநேரம் கழித்து, வாயே திறக்காத மூத்த பையன் கையைத் தூக்கினான். அவன் சொன்னது பாதிதான் சரி. மீதியை ஓரியானா சொன்னாள், அபெலார்தோவைப் பார்த்து. ஒரு தலைகூடப் பின்னால் திரும்பவில்லை. யாஸ்னாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. தொடைக்கடியில் இருந்த கைகளை இன்னும் அழுத்திக்கொண்டாள்.

பிப்ரவரியில் கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவளுடைய பழைய நான்காம் வகுப்பு காலியாகிறதாம். வேண்டுமா? அவள் மேசையில் புதிய ஆசிரியர்களின் பட்டியல் கிடந்தது. ஆறு பேர். அதில் இரண்டு தீவுகளுக்கு, அவளைப்போலத் துணையாகப் போகிறவர்களில் வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அடுத்த வருஷமும் காலியா இருக்குமா?"

"அதெப்படி இப்பவே சொல்ல முடியும், யாஸ்னா?"

ஒரு நாள் அவகாசம் கேட்டாள். மறுநாள் காலையிலேயே கூப்பிட்டு, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். போனை வைத்துவிட்டு, பட்டியலில் அந்த இரண்டு தீவுகளுக்கும் எதிரே படகு நேரத்தைக் குறித்தாள்.

மார்ச் மாதம் பள்ளி திறந்த அன்று, படகுத்துறைக்குப் போகும் வழியில் தன் பழைய வகுப்பின் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். உள்ளே யாரோ ஒரு புதுக்குரல் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையாக "இருக்கேன்" என்றது. துறையில் படகுக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். கடைசிப் பெயர்வரை கேட்டுவிட்டுத்தான் யாஸ்னா நகர்ந்தாள்.