ஆவடி ரோட்டில் ரங்கூன் குழம்பு

ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை கட்டும் வேலை மும்முரமாக நடக்கிறது. ரயிலை விட்டு இறங்கிய நான் பசி தாங்காமல் சாலையோரத் தள்ளுவண்டி முன் நிற்கிறேன். வண்டிக்கார அம்மாள் இலையில் சோற்றைப் போட்டு, தேங்காய்ப்பாலில் கொதித்த கோழிக் குழம்பை ஊற்றி, வறுத்த பூண்டைத் தூவுகிறாள். பட்டணத்து ஓட்டல் எதிலும் இந்த ருசியை நான் கண்டதில்லை.

“இதை எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?”

“ரங்கூன்ல. ஜப்பான்காரங்க குண்டு போட்டாங்கோ. நடந்தே வந்துட்டேன்.”

“அங்கேயிருந்து நடந்தா?”

“கப்பல்ல எடம் குடுக்கல நைனா. ஊட்டுக்காரரு, நானு, ரெண்டு பொண்ணுங்க. நாலு பேரா கெளம்பினோம். காட்டுல சின்னதுக்கு வாந்தி பேதி. தூக்கிகினு நடக்கசொல்ல தோள்மேலயே உசுரு பூட்டுச்சு. மத்த ரெண்டு பேரும் அடுத்த வாரம்.”

என் கை இலையிலேயே நின்றுவிடுகிறது. அவள் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றுகிறாள்.

“அந்தக் காட்டுல பத்து நாளு சோத்தையே பாக்கல. ஆறிடப் போது, துன்னு நைனா.”

ஒரு பருக்கையும் விடாமல் சாப்பிட்டு முடிக்கிறேன்.