ஒரு வரிசைக்கு எத்தனை கண்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் தோணியில் வந்தது. சாக்கு சுற்றி, நாலு பேர் தூக்கி, பின்னாலேயே பதறிக்கொண்டு மெட்ராஸ் அக்கா ஒருத்தி. ஏரியை ஆராய வந்தவள். ஆகாயத்திலிருந்து எடுத்த எங்கள் ஏரியின் படம் அதில் தெரியுமாம். ஊரே ஜன்னலில் தொங்கியது. எனக்குப் படம் வேண்டாம், கோடு வேண்டும்.

என் அப்பா, நைனாவின் வலை எதிர்க்கரையில் கிடந்தது. ஏரிக்குள் ஆந்திராவுக்கும் நமக்கும் நடுவே ஒரு கோடு உண்டு, அதைத் தாண்டிவிட்டார் என்று அந்தக் கரைக்காரர்கள் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். தாண்டவில்லை என்று காட்டிவிட்டு எடுத்துப் போகட்டும் என்று சொல்லியனுப்பினார்கள். வலையில்லாத நைனா தோணிக்குத் தார் பூசினார். பூசிய இடத்திலேயே மறுபடியும் பூசினார். படத்தில் கோடு தெரிந்தால் போதும், வலை வந்துவிடும். ஒன்பது வயதுக்காரிக்கு இதைவிடத் தெளிவான வழக்கு கிடையாது.

அக்கா தட்டினாள். திரையில் ஏரி இல்லை. மூலைக்கு மூலை சாய்ந்த பட்டைகள், கருப்பும் வெளுப்புமாக.

"இன்னாம்மா, எங்க ஏரிய முறுக்கிப் புழிஞ்சிட்டியா?" என்றார் திரைக்குப் பக்கத்தில் நின்ற என் மாமா.

அக்காவின் முகம் சிவந்தது. படம் என்பது வெறும் புள்ளிகளாம். மற்றப் படங்கள் தம் அகலத்தைத் தாமே சொல்லிவிடும், இந்த வகை வாய் திறக்காதாம். வரிசைக்கு எத்தனை புள்ளி என்று நாம்தான் சொல்ல வேண்டும். எண் எழுதிய சீட்டு வரும் வழியில் நனைந்திருந்தது. ஐநூற்றுப் பத்து என்று அவள் படித்திருந்தாள். உப்புக்காற்றில் படமிருந்த பிளாப்பி கெட்டுவிட்டது என்று அணைக்கப் போனாள்.

என் அத்தை கையில் வலைபின்னும் ஊசியோடு உள்ளே வந்தாள்.

"கெடல பாப்பா. எண்ணிக்க தப்பு. வரிசைக்கு ஒண்ணு ரெண்டு கண்ணு கொறஞ்சா வலை இப்டித்தான் சாஞ்சிகினே போவும். ஒண்ணொண்ணா ஏத்திப் பாரு."

ஐநூற்றுப் பதினொன்று. பட்டைகள் நிமிரத் தொடங்கின. ஐநூற்றுப் பன்னிரண்டு. மேலிருந்து வரி வரியாக இறங்கி, ஏரி எழுந்து நின்றது! தீவுகள், மணல்திட்டு, கடல் வாய் திறக்கும் முகத்துவாரம். ஜன்னலெல்லாம் கத்தியது. "நம்ம தோணித் தொறடா, தோ கீது பாரு" என்று மாமா திரையின் கண்ணாடியைக் குத்தினார். நான் மூக்கு உரச உரசத் தேடினேன். வடக்கே, தெற்கே, தண்ணீர் முழுக்க. கோடு இல்லை. எங்குமே இல்லை.

கரைக்குப் பறந்தேன். "நைனா, கோடே கெடையாது! மேலேந்து பாத்தாச்சு!"

நைனா தார்க் குச்சியைக் கீழே வைத்தார். "எனக்கும் அன்னிக்கு ஒண்ணும் தெரியலம்மா" என்றார், மெதுவாக.

ஜெயித்துவிட்டோம். வலை உலர்த்தும் இடத்தில் கிடந்த சிப்பிகளையெல்லாம் பொறுக்கிப் போட்டு மணலைப் பெருக்கி வைத்தேன். நாளைக்கே வலை வந்துவிடும். அங்கே வந்து உட்கார்ந்த அத்தை மட்டும், புது நூல்கண்டைப் பிரித்து, வாய்க்குள் எண்ணியபடி முதல் வரிசையைப் பின்னத் தொடங்கினாள். இருக்கிற வலை வரப்போகும்போது இவளுக்கு எதற்கு இன்னொன்று என்று எனக்கு விளங்கவேயில்லை.