பிடுங்கிப் பார்க்கிற பாத்தி

குடியிருப்புக்குப் பின்னால் குப்பைமேடாகக் கிடந்த இடத்தைத் தோட்டமாக்கி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காய் கொடுக்கிறவர் தையல்கார அக்கா. வாய்தான் கொஞ்சம் காரம்.

தோட்டவேலை பழக வரும் பிள்ளைகள், முள்ளங்கி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தினமும் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நட்டார்கள். பாத்தியே வாடிப்போனது. அக்கா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கோபம் ஆறியதும் ஓரமாக ஒரு பாத்தியை ஒதுக்கிக் கொடுத்தார்.

"உங்க ஆராய்ச்சியெல்லாம் இந்தப் பாத்தியோட நிக்கணும். மத்ததுல கை வெச்சீங்க, தோலை உரிச்சிடுவேன்!"

மற்ற பாத்திகள் பிழைத்தன. ஒருநாள் காலையில் சீக்கிரமே வந்த ஒரு சிறுமி, அந்த ஓரப் பாத்தியில் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கையில் மண்ணோடு ஒரு முள்ளங்கி.

"அக்கா, நீங்களுமா?"

"கத்தாதடி!" அக்கா அதை அவசரமாக மண்ணுக்குள் செருகினார். "இன்னும் சுண்டுவிரல் அளவுகூட வரல."