ஒன்றில் நிற்க வேண்டிய காற்று

பள்ளிவாசலிலிருந்து வரும் வழியில் என் கணவர் போனை எடுத்துப் பார்ப்பதுபோல் நிற்பார். அழைப்பு ஒன்றும் வந்திருக்காது. மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்று எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது. சம்மாந்துறை அரிசி ஆலையில் முப்பது வருடத் தூசு, அதோடு சிகரெட். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு (காற்றுக் குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாத நோய்) என்றார் டொக்டர்.

ஆஸ்பத்திரி வார்டிலிருந்து ஒட்சிசன் மெசினோடு வீட்டுக்கு வந்தோம். காற்றைக் கூட்டிக் குறைக்கும் குமிழை ஒன்றில் வைக்க வேண்டும், இரத்தத்தில் உள்ள ஒட்சிசனை அளக்க விரலில் மாட்டும் கருவி எண்பத்தெட்டுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் இடையில் காட்டினால் போதும் என்று தாதி சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவள் மாதிரித் தலையாட்டினேன். நீங்கள் கேளுங்கள்.

அந்த மாதமே மகளின் நிக்காஹ். பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளை மணமுடித்துத் தருகிறேன் என்று சபையில் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பை அவருடைய தம்பியிடம் கொடுக்கலாம். இவர் கேட்டால்தானே?

"என்ட புள்ளய நான்தான் குடுப்பன்," என்றார்.

அந்த ஒரு வசனத்தை இரண்டு இடத்தில் நிற்காமல் அவரால் சொல்ல முடியவில்லை. சபையில் திணறி நிற்பாரே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. நிக்காஹ் அன்று காலையில் குமிழை நாலுக்குத் திருகினேன்.

கருவி தொண்ணூற்றெட்டுக் காட்டியது. வந்தவர்களுக்கெல்லாம் அதைப் பரீட்சைப் பெறுபேறு மாதிரிக் காட்டினேன். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கன்னம் சிவந்து, கதிரையிலேயே தூங்கி விழுந்தார். அவருடைய ராத்தா (அக்கா) எழுப்ப விடவில்லை. கன நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறான் என்றார். நானும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். என்ன மடைச்சி நான்!

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அவரை நிமிர்த்தி, மாப்பிள்ளையின் கையை அவர் கையில் வைத்தார்கள். வாய் திறக்கவில்லை. அழுகை அடைக்கிறது என்று சபை காத்திருந்தது. திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு அவர் தலை சரிந்த விதம் சரியாகப் படவில்லை. அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஓடிப்போய் உலுக்கினேன். கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர், மெசின் எத்தனையில் இருந்தது என்று கேட்டார். பக்கத்தில் மாப்பிள்ளையின் வாப்பா நின்றார்.

"ஒண்டுல," என்றேன்.

உயிர் போகிற நேரத்திலும் எனக்கு மானம் பெரிதாக இருந்தது. டொக்டர் திரும்பி நடந்ததும் பின்னால் ஓடினேன்.

"நாலுல வெச்சன் டொக்டர். நான்தான் கூட்டினன்."

அவர் ஏசவில்லை. இப்படியான நுரையீரலுக்கு ஒட்சிசன் கூடினால் காபனீரொட்சைட்டு (நாம் வெளியே விடும் கழிவு வாயு) இரத்தத்தில் தேங்கி மூளையை மயக்கிவிடும் என்றார். இறுக்கமான முகமூடியைப் பூட்டி இன்னொரு மெசினால் மூச்சுக் கொடுத்தார்கள். இரண்டு நாள் பக்கத்தில் இருந்து மூச்சை எண்ணினேன். எண்ணிக்கை தவறும்போதெல்லாம் மௌத்தாகிவிட்டார் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் கண் விழித்தார்.

"நிக்காஹ் முடிஞ்சிட்டா?"

இல்லை என்றேன். தம்பியைக் கூப்பிடச் சொன்னார்.

"நீ... குடு," என்றார் அவரிடம்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்த நிக்காஹில் தம்பிதான் கொடுத்தார். இவர் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது குளித்து வருவதற்கே எங்களுக்கு ஒரு காலைப்பொழுது போகிறது. திணறும்போது மேசையில் கைகளை ஊன்றி, முன்னால் குனிந்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். நானும் கூடவே ஊதுவேன். குசினியில் தனியாகச் சமைத்துக்கொண்டு நிற்கும்போதும் என் உதடு குவிந்தே இருக்கிறது.

சில நாள் அதுவும் போதாது. என் கையைப் பிடித்துக்கொள்வார்.

"கொஞ்சம் கூட்டு புள்ள."

கருவியைப் பார்ப்பேன். தொண்ணூறு. குமிழ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

"ஏலாதுங்க," என்று சொல்லிவிட்டு, அவர் என்னை வெறுத்துப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.